ஐந்தருவியில் ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் படம் வெளுத்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

நெல்லைவாசி:
வணக்கம் நண்பர்களே. குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் பட்டுநூல் இழைகளாக விழுவது போல எடுக்க ஆசை. கிராப் சென்சார் கேமரா, 18-55 கிட் லென்ஸ், டிரைபாட் வைத்திருக்கிறேன். பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/22 (லென்ஸ் துளையை மிகச் சுருக்கி), ஷட்டர் 1 விநாடி வைத்தால் படம் முழுக்க வெள்ளை. எஃப்/8-ல் 1/500 வைத்தால் வெளிச்சம் சரியாக வருகிறது, ஆனால் தண்ணீர் துளித்துளியாக உறைந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?

முக்காலி:
கேமராவில் கோளாறு எதுவும் இல்லை, வெளிச்சம்தான் மிகுதி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/22-க்கு 1/60 விநாடியே போதும். 1 விநாடி திறந்தால் அறுபது மடங்கு வெளிச்சம் உள்ளே போகிறது. 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும் கருங்கண்ணாடி) வாங்குங்கள், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், அதனால் இது 64 மடங்கு குறைக்கும். லென்ஸின் முன்பக்கம் ஃபில்டர் அளவு மி.மீ.யில் எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். எஃப்/22 வேண்டவே வேண்டாம். துளை அவ்வளவு சுருங்கினால் விளிம்பு விளைவால் (ஒளி துளையின் ஓரத்தில் வளைந்து பரவுவதால்) பாறையின் சொரசொரப்பெல்லாம் மழுங்கிவிடும். எஃப்/11 வைத்தால் ஃபில்டரோடு 1/4 விநாடி கிடைக்கும்.

சாரல்:
முக்காலி சொன்னது சரி. ஆனால் 1 விநாடி எதற்கு என்று கேட்கிறேன். தண்ணீர் கொட்டும் நாளில் அவ்வளவு நேரம் திறந்தால், வெளிச்சம் சரியாக இருந்தாலும் வெள்ளைப் பாளமாகத்தான் வரும். 1/8 முதல் 1/4 வரை வைத்துப் பாருங்கள், பாறையில் மோதிப் பிரியும் ஒவ்வொரு இழையும் தனித்தனியே தெரியும். அருவி மெலிந்து வழியும்போதுதான் 1, 2 விநாடி அழகு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் காலத்தில் மேகம் மூடிய காலையில் போனால் என்டி இல்லாமலே எஃப்/16-ல் 1/15 அளவுக்கு இறங்கலாம். ஒரு போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டினால் ஏறக்குறைய 2 ஸ்டாப் குறைந்து 1/4 வந்துவிடும், ஈரப் பாறையின் பளபளப்பும் அடங்கும். நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான்.

நெல்லைவாசி:
மிக்க நன்றி அண்ணா. டிரைபாடில் வைத்தும் லேசாக ஆடுகிறதே?

முக்காலி:
லென்ஸில் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) அணைத்துவிட்டு 2 விநாடி டைமரில் எடுங்கள். நடு கம்பியை உயர்த்தாதீர்கள். ஆட்கள் நடக்கும் தளத்தில் தரையே அதிரும், ஓரமாகப் போய் வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸ் கண்ணாடியைத் துடையுங்கள், சாரல் ஒரு துளி ஒட்டினாலும் அங்கே மங்கிவிடும். ஹிஸ்டோகிராம் (திரையில் தெரியும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தில் முட்டினால் ஷட்டர் வேகத்தை ஒரு ஸ்டாப் கூட்டி மறுபடி எடுங்கள். நுரையில் வெளுத்துப்போனதை ராவ் ஃபைலிலும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) மீட்க முடியாது.