கம்ப்ரஸர் வாங்கியது முதல் காற்று வாங்குவது வரை: ஓசூர் அனுபவம்

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறிய தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். காற்றை அழுத்தித் தரும் எங்கள் ஸ்க்ரூ கம்ப்ரஸருக்கு முதலில் வழக்கமான ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் மட்டுமே இருந்தது. ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுப் போவார்கள். இடையில் நின்றுவிட்டால், ஆள் வரும்வரை காற்றை நம்பி உதிரிபாகங்களை இறுக்கும் கிளாம்ப்புகள் எதுவும் பிடிக்காது.

பிறகு அந்தப் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்தார், அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஓடும் நேரத்தையும் அனுப்பும் சிம் கார்டு பொருத்திய பெட்டி ஒன்றை மாட்டினார்கள். எப்போது ஆள் அனுப்புவது என்று தெரிந்துகொள்வதே அவர்களுடைய நோக்கம். ஆனால் மின்சாரம் போகும்போதெல்லாம் ‘இயந்திரம் பழுது’ என்று எச்சரிக்கை வந்ததால், நாங்கள் சொல்லிச் சொல்லி, மின்தடையையும் பழுதையும் பிரித்தறியும்படி அதைத் திருத்த வைத்தோம்.

எனக்கு உண்மையில் கண் திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலை மூடியிருக்கையில், கம்ப்ரஸர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை லோடாவதை, அதாவது மீண்டும் காற்றை அழுத்தத் தொடங்குவதை, வரைபடம் காட்டியது. யாரும் பயன்படுத்தாத காற்று எங்கோ கசிகிறது என்று புரிந்தது. மறுவாரம் ஆளில்லாத ஷெட்டில் சர்வீஸ் இன்ஜினியரும் நானும் சோப்புத் தண்ணீருடன் நடந்தோம். நான்காவது லேத்தின் பின்னால் சீறல் கேட்டது. ஹோஸ் இணைப்பில் தடவியதும் நுரை பொங்கியது. இப்படிப் பல இடங்களை அடைத்த பிறகே அழுத்தத்தை 1 பார் (பார் என்பது அழுத்த அளவு) குறைக்க முடிந்தது. 7 பார் அளவில் இயங்கும் கம்ப்ரஸரில் ஒரு பார் குறைந்தால் மின்செலவு ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு குறையும்.

அந்தக் கசிவுத் தேடலைத்தான் அவர்கள் பின்னர் தனிச் சேவையாக்கினார்கள். அடுத்து, கம்ப்ரஸர் அவர்களுடையதாகவே இருக்க, பயன்படுத்தும் காற்றுக்குக் கனமீட்டர் கணக்கில் பணம் கட்டும் திட்டத்துடன் வந்தார்கள். 1962-இலேயே பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் வைப்பர் விமான எஞ்சினுக்குப் பறந்த மணிக்கணக்கில் கட்டணம் வாங்கியது. ஆக, எண்ணம் பழையதுதான். விமானத்துக்குக் கட்டுப்படியான அந்த ஏற்பாட்டை எங்களைப் போன்ற சிறு ஆலைக்கும் கொண்டுவந்தது மலிவான சென்சார்தான் என்பது என் கருத்து.

காற்றை விற்க, குழாயில் போகும் காற்றை அளக்கும் ஃப்ளோ மீட்டர் தேவைப்பட்டது. மீட்டர் வந்ததும் கசிவு யார் கணக்கு என்ற கேள்வி எழுந்தது. மீட்டருக்கு முன்னால் அவர்கள் பொறுப்பு, பின்னால் எங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொண்டோம். என்னை வருத்தியது வேறொன்று: ஒப்பந்தத்திலிருந்து விலகினால், எங்கள் ஆலையில் திரண்ட தரவு எங்களுக்குக் கிடைக்காது என்றிருந்தது. அதை விடாமல் பேசி, மாதந்தோறும் முழுப் பதிவும் எக்செல் கோப்பாக வரும்படி செய்தோம். புதிதாகக் கையெழுத்திடுபவர்கள் அந்தப் பிரிவை முதலில் படியுங்கள்.