ஒரே ரேக், இரண்டு விதமான வாடிக்கையாளர்கள்: மில்லுக்கு எத்தனை எடுத்து வைப்பது?

பேரிங் கடை, கோவை:
வணக்கம். அப்பா தொடங்கிய பேரிங் கடையை இப்போது நான் நடத்துகிறேன். எங்களிடம் வாங்குபவர்களில் மூன்று நூற்பாலைகள் உண்டு. வருட ரேட் கான்ட்ராக்ட், கேட்ட அன்றைக்கே சரக்கு போய்ச் சேர வேண்டும். மற்றவர்கள் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்காரர்கள். ரொக்கம் கொடுத்து ஒன்றோ இரண்டோ வாங்கிப் போவார்கள்.

பிரச்சினை 6308 பேரிங்கில். 40 மி.மீ. உள்விட்டம், 90 வெளிவிட்டம். மில் மோட்டாருக்கும் போகும், தோட்டத்து ஏழரை எச்பி மோட்டாருக்கும் போகும். ஆர்டர் போட்டால் வந்து சேரப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் மில்கள் சராசரியாக 2 கேட்கும், பட்டறைகள் 6.

முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதான் அப்பாவின் வழக்கம். ஜனவரியில் ஒரு நாள் இரவு ஒரு மில்லில் கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுக்கும்) மிஷினின் மோட்டார் நின்றுவிட்டது. கடையில் ஒன்றுகூட இல்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் கான்ட்ராக்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து 4 பேரிங்கைத் தனிப் பையில் போட்டு உள்ளே வைக்கிறேன்.

போன வாரம் ஒரு பட்டறைக்காரர் வந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்களிடம் வாங்குபவர். ஒரே ஒரு 6308 கேட்டார். பையில் நான்கு இருந்தும், "இல்லீங்கண்ணா" என்றேன். "செரி அம்மணி, பரவால்ல" என்று போய்விட்டார். மறுநாள் மில்லிலிருந்து ஆள் வந்து நான்கையும் வாங்கினார். எந்த மிஷினுக்கு என்று கேட்டேன். "ஸ்டோர்ஸுல வெக்கத்தானுங்க" என்றார். அது எனக்கு ரொம்பவே உறுத்துகிறது.

இப்படித் தனியாக எடுத்து வைப்பது சரியா? சரியென்றால் எத்தனை வைக்க வேண்டும்?

பழைய ஸ்டோர்ஸ் ஆள்:
27 வருடம் நூற்பாலை ஸ்டோர்ஸில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மில்லிலிருந்து வரும் ஆர்டர் எல்லாம் ஒன்றல்ல. மிஷின் நின்றுபோய்க் கேட்பது ஒன்று. ஸ்டோர்ஸ் இருப்பு குறைந்ததால் நிரப்பிக்கொள்ளக் கேட்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒரு வாரம் தாராளமாகப் பொறுப்பார்கள். ஆனால் நாங்கள் எல்லா இன்டென்டிலும் (சரக்கு கேட்டு எழுதும் சீட்டு) 'அவசரம்' என்றுதான் எழுதுவோம், ஏனென்றால் யாரும் எங்களைத் திருப்பிக் கேட்டதில்லை. அது தப்புதான். நீங்கள் கேளுங்கள். அடுத்த கான்ட்ராக்டில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்: பிரேக்டவுன் என்றால் மிஷின் நம்பரும் மெயின்டனன்ஸ் ஆளின் கையெழுத்தும் வர வேண்டும், அன்றைக்கே சரக்கு. மற்றது ஏழு நாளில். நியாயமான பர்ச்சேஸ் மேனேஜர் ஒத்துக்கொள்வார்.

சரக்குத் திட்டம்:
மேலே சொன்னவர் விஷயத்தின் வேரைப் பிடித்துவிட்டார். அமெரிக்கப் படைகளின் உதிரிபாக வழங்கல் முறையிலும் இதே யோசனை உண்டு. கேட்கும் படைப்பிரிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐந்து படி, தேவை எவ்வளவு அவசரம் என்பதற்கு மூன்று படி. இரண்டையும் சேர்த்துத்தான் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் கிடைக்கும். பெரிய பிரிவு என்பதற்காக அது கேட்கும் எல்லாமே முதலிடத்துக்கு வந்துவிடாது.

அடுத்தது, பை வேண்டாம். எல்லாம் ஒரே ரேக்கில் இருக்கட்டும், ஒரு கோடு மட்டும் போடுங்கள். இருப்பு கோட்டுக்கு மேல் இருக்கும்வரை யார் கேட்டாலும் கொடுங்கள். கோட்டைத் தொட்டதும் அவசரத்துக்கு மட்டும். 1965-இல் ஆர்தர் வைனாட் என்ற கணித அறிஞர் எழுதி வைத்த வழி இது.

கோடு எங்கே? மில் தேவை பத்து நாளுக்குச் சராசரி 2, அதுவும் முன்பின்னாகத்தான் வரும் என்று வைத்தால், 3 வைத்தால் நூற்றில் 86 தடவை போதும், 4 வைத்தால் 95. ஆனால் இது ஆர்டர் போட்ட அன்றைய கணக்கு. லாரி வர இரண்டே நாள் இருக்கும்போதும் ஏன் நான்கைக் கட்டிக் காக்க வேண்டும்? அப்போது 1 வைத்தாலே 94 தடவை போதும். சரக்கு வரும் நாள் நெருங்க நெருங்கக் கோட்டை இறக்குங்கள். உங்கள் பட்டறைக்காரர் வந்த அன்று லாரி எங்கே இருந்தது?

புதுச் சரக்கு இறங்கியதும் முதலில் காத்திருக்கும் பிரேக்டவுன், பிறகு கோடு வரை நிரப்புவது, மிச்சம்தான் காத்திருக்கும் மற்றவர்களுக்கு.

பொள்ளாச்சி ரீவைண்டிங்:
நான் அந்தப் பக்கத்து ஆள், அதனால் ஒன்று சொல்கிறேன். இருக்கும்போது இல்லை என்று சொல்லாதீர்கள். "மில்லுக்கு வெச்சிருக்குதுங்க, வெள்ளிக்கிழமை வரும்" என்று சொன்னால் தோட்டக்காரருக்கு ஒரு தேதி சொல்லிவிடுவேன், இல்லையென்றால் வேறு கடைக்குப் போவேன். இல்லை என்று கேட்டுவிட்டு, பிறகு இருந்தது என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

பட்டறைக்காரர்கள் கேட்பதிலும் அவசரம் உண்டு. தென்னந்தோப்பு சில நாள் தாங்கும். ஏப்ரல் வெயிலில் தக்காளி நாற்று நட்டு மூன்றாம் நாள் மோட்டார் நின்றால் என்ன ஆகும்? எங்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் கேட்பதில்லை.

பேரிங் கடை, கோவை:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து ஆறு மாத பில்லைப் புரட்டினேன். மில்கள் வாங்கிய 6308 மொத்தம் 36. ஒவ்வொன்றுக்கும் ஸ்டோர்ஸில் போன் போட்டுக் கேட்டதில், மிஷின் நின்று வாங்கியது 8 தான். தடவைக்கு ஒன்று, மோட்டாரின் முன்பக்கம் மட்டும்தான் 6308, பின்பக்கம் 6208 என்ற வேறு பேரிங் என்பதால். அப்படியென்றால் பத்து நாளுக்குச் சராசரி அரைகூட இல்லை. 'சரக்குத் திட்டம்' சொன்ன வழியில் போட்டால் 2 வைத்தாலே நூற்றில் 99 தடவை போதும்போல. சரிதானே? லாரி மறுநாள்தான் வருவதாக இருந்தது. அன்றைக்கு நான் நான்கை மறைத்து வைத்திருந்தேன்.

இரண்டு மில்கள் பிரித்து எழுத ஒத்துக்கொண்டன. மூன்றாவது மில் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அடுத்த வாரம் நேரில் போகிறேன், பில் கணக்கையும் எடுத்துக்கொண்டு.

அந்த அண்ணனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தோட்டத்துக்காரருக்கு வேற பக்கம் வாங்கிக் குடுத்துட்டனுங்க" என்றார். இனி கேட்கும்போது எந்தப் பயிருக்கு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். இன்று காலை வந்து ஒரு 6308 வாங்கினார். கத்தரித் தோட்டமாம்.

சரக்குத் திட்டம்:
2 சரிதான். மூன்றாவது மில் ஒத்துக்கொள்ளும்வரை அவர்களுக்காக இன்னும் 1 சேர்த்து வையுங்கள்.