மும்பை ஃபோர்ட் வட்டாரத்துப் பழைய கட்டடங்களில் பெரிய பிராண்டு கடைகள்: கட்டடம் பிழைக்கிறதா, தெரு காலியாகிறதா?

கோட்டைத்தெரு:

ஃபுளோரா ஃபவுண்டன் பக்கம் போய்வருகிறவர்களுக்கு இஸ்மாயில் பில்டிங் தெரிந்திருக்கும். நூறு வருடத்தைத் தாண்டிய கட்டடம். 2017-ல் ஜாரா அதை எடுத்து மாடி மாடியாகத் துணிக்கடை போட்டது, 2025 பிப்ரவரியில் மூடிவிட்டுப் போய்விட்டது. அடுத்து இன்னொரு ஃபேஷன் கம்பெனி ஐந்து வருடத்துக்கு எடுத்திருக்கிறது, மொத்த வாடகை சுமார் 206 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. கணக்குப் போட்டால் மாதம் மூன்று கோடிக்கு மேல். பழைய கட்டடத்துக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று இங்கேயே நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். எனக்கு வயிறுதான் எரிகிறது.

மாதம் மூன்று கோடி கொடுக்க இந்த ஊரில் யாரால் முடியும்? புத்தகக் கடையாலா, கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவராலா, மதியம் வக்கீல் குமாஸ்தாக்களுக்குச் சாப்பாடு போடுகிற உடுப்பி ஓட்டலாலா? ஒரு கட்டடம் அந்த விலைக்குப் போனால் பக்கத்துக் கட்டடச் சொந்தக்காரரும் அதே எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். பாட்டு கேசட், சிடி விற்ற ரிதம் ஹவுஸ் 2016-ல் மூடியது, ஸ்ட்ராண்ட் புக் ஸ்டால் 2018-ல் மூடியது. எல்லாவற்றுக்கும் வாடகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஜனங்கள் பாட்டு கேட்கிற விதமும் புத்தகம் வாங்குகிற விதமும் மாறிவிட்டது. ஆனால் மூடின இடத்தில் அதே மாதிரி இன்னொரு சின்னக் கடை துளிர்க்க வேண்டுமே, அதற்குத்தான் இப்போது வழியில்லை. முகப்பை மட்டும் கழுவித் துடைத்து வைத்துவிட்டு உள்ளே உலகம் பூராவும் இருக்கிற அதே கடையை வைப்பதற்குப் பாரம்பரியம் என்று பெயர் சொல்லாதீர்கள்.

சுண்ணாம்புச்சாந்து:

நான் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற வேலையில் இருப்பவன். உங்கள் கோபம் புரிகிறது அண்ணா, ஆனால் காசில்லாத கட்டடம் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காலா கோடாவில் வாட்சன்ஸ் ஹோட்டல், அதாவது எஸ்பிளனேட் மேன்ஷன், தூணும் உத்திரமுமாக இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்து 1860-களில் நிறுத்திய இரும்புக் கட்டடம். 1896-ல் லூமியேர் சகோதரர்களின் படங்களை இந்தியாவில் முதன்முதலாகக் காட்டியது அங்கேதான். அது பிற்பாடு சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டு, பழைய சட்டப்படி உறைந்துபோன வாடகையில், யாரும் ஒரு ரூபாய் செலவழிக்காமல் கிடந்து, 2005-ல் ஒரு பகுதி இடிந்து விழுந்து, கடைசியில் 2019-ல் கோர்ட் உத்தரவில் எல்லாரையும் வெளியேற்றினார்கள். அங்கே எந்தப் பிராண்டும் வரவில்லை. யாரும் வராததன் விளைவுதான் அது. 2020 ஜூலை மழையில் ஜி.பி.ஓ., அதாவது தலைமைத் தபால் நிலையம் பக்கம் பானுஷாலி பில்டிங் சரிந்து 10 பேர் செத்ததையும் மறந்துவிட வேண்டாம்.

இந்தக் கட்டடங்களின் வியாதி வெளியிலிருந்து தெரியாது. கல்லுக்குள் இரும்பு உத்திரம் இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கி இரும்பு துருப்பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், அப்போது மேலே இருக்கிற கல் உள்ளிருந்தே பிளக்கும். அதைப் பார்த்துப் பயந்து வாடகைதாரர்கள் சேர்ந்து காசு போட்டு சிமென்ட் பூசுவார்கள். பழைய சாந்து சுண்ணாம்பு, அது சுவாசிக்கும். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும், ரெண்டு மூன்று மழைக்காலத்தில் கல்லின் மேல்தோல் உப்புப் பூத்து உரிய ஆரம்பிக்கும். அப்புறம் கார்னிஸ், அதாவது சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற விளிம்பின் இடுக்கில் அரசமரக் கன்று. அதை இலையோடு வெட்டிவிட்டுப் போனால் வேர் சுவருக்குள்ளேயே தடித்துக்கொண்டு போகும். இதையெல்லாம் முறையாகச் செய்ய சாரம் கட்டுவதற்கே பெரிய தொகை ஆகும். மாதம் சில நூறு ரூபாய் வாடகை வாங்குகிற சொந்தக்காரர் அதைச் செய்ய மாட்டார். துணிக்கடைக்காரன் செய்வான், அவனுக்கு முகப்பு வேண்டும்.

மாட்டுங்கா மீனா:

முகப்பு வேண்டும், சரி. உள்ளே?

பழைய கட்டடத்துக்குள் போட்ட பெரிய கடைகளுக்குள் போய்ப் பாருங்கள். முதல் வேலையாக ஜிப்சம் சீலிங் அடிக்கிறார்கள். அதற்கு மேலே பர்மா தேக்கு உத்திரம் இருந்தாலும் தெரியாது, ஒழுகினாலும் தெரியாது, கரையான் ஏறினாலும் தெரியாது. நீங்களே சொன்ன வியாதியெல்லாம் கண்ணுக்கு மறைவாக வளரும். ஜன்னலைப் பலகை வைத்து அடைப்பார்கள், சுவர் முழுக்கத் துணி தொங்கவிட வேண்டுமே. இதில் எனக்கு மிகவும் உறுத்துவது மாடிப்படி. தெருவிலிருந்து நேராக மேலே போகிற மரப்படிக்கட்டு பல கட்டடங்களில் உண்டு, மேலே ஒரு தையல்காரர், ஒரு பல் டாக்டர், ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட் என்று இருப்பார்கள். கீழ்த்தளத்தை மொத்தமாக எடுக்கிறவர் அந்தப் படிக்கட்டின் வாசலையும் தன் கடைக்குள் இழுத்துக்கொண்டால் மேலே இருக்கிற மாடிகளுக்கு வழியே இல்லை. பூட்டிக் கிடக்கும், புறா அடையும். கீழே பளபளப்பு, மேலே பிணம். அந்தக் கட்டடத்தைப் பிழைக்க வைத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்று. சின்னக் கடைக்காரர்களுக்குக் கட்டடத்தின் மேல் அக்கறை கிடையாது என்கிற மாதிரி ஒரு தொனி உங்கள் பதிவில் இருக்கிறது சார். ஃபோர்ட்டிலேயே டி.என். ரோட்டைப் பாருங்கள். அங்கே வளைவுகளையெல்லாம் மறைத்துக் கன்னாபின்னாவென்று போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒழுங்குபடுத்தி, பெயர்ப்பலகை வளைவுக்கு உள்ளேதான் அடங்க வேண்டும் என்று கொண்டுவந்தபோது அந்தத் தெருவின் கடைக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் சேர்ந்து சங்கம் வைத்து நடத்தினார்கள். 2004-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அது எந்தப் பிராண்டும் போட்ட பிச்சை இல்லை.

பக்டிக்கடை மகன்:

எங்கள் அப்பாவுக்கு ஃபோர்ட்டில் ஸ்டேஷனரிக் கடை இருந்தது, பக்டி முறையில். வெளியூர் தம்பிகளுக்காகச் சொல்கிறேன்: ஆரம்பத்தில் ஒரு பெருந்தொகை கொடுத்து உள்ளே வருவது, அப்புறம் மாத வாடகை பெயருக்கு, கடையை வேறொருவருக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொகையில் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு. வாடகை 1940-ல் இருந்த அளவிலேயே உறைந்து நின்றது. இந்த உறைநிலை நியாயமில்லை என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லி, 1999-ல் புதுச் சட்டம் வந்தது, அதில் வருடத்துக்கு நாலு சதவீதம் ஏற்றலாம். நூறு ரூபாயில் நாலு சதவீதம் என்றால் நாலு ரூபாய், அதை வைத்து யார் கூரை மாற்றுவார்கள்?

ஆனால் அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இந்த விவாதத்துக்கு அதுதான் ஆணிவேர் என்பது என் அபிப்பிராயம். பேங்குகள், பன்னாட்டுக் கம்பெனிகள், செலுத்திய மூலதனம் ஒரு கோடியும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள், இவர்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு பொருந்தாது. கட்டடச் சொந்தக்காரர் இடத்திலிருந்து யோசியுங்கள். சின்ன ஆளை வைத்தால் சட்டம் அவருக்குத் துணை நிற்கும், பெரிய கம்பெனியை வைத்தால் மார்க்கெட் வாடகை, காலம் முடிந்தால் காலி. யாருக்குக் கதவைத் திறப்பார்? பிராண்டு கடைகளை ஃபோர்ட்டுக்குள் கூட்டிவந்ததில் அவர்களுடைய பேராசையைவிட இந்தப் பிரிவுக்குப் பங்கு அதிகம்.

சுண்ணாம்புச்சாந்து:

லீவ் அண்ட் லைசென்ஸ் போடலாமே அண்ணே. சின்னக் கடைக்கும் அந்த ஒப்பந்தம் போட்டால் பக்டிக்கு இருக்கிற பாதுகாப்பு வராது, காலம் முடிந்ததும் சொந்தக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஊர் முழுக்க வீடுகள் அப்படித்தானே ஓடுகின்றன.

பக்டிக்கடை மகன்:

போடலாம், போடுகிறார்கள். ஆனால் சின்ன ஆள் அந்தச் சில வருடத்துக்காக உத்திரம் மாற்றிக் கூரை போட்டுத் தர மாட்டான் தம்பி, அந்தச் செலவு சொந்தக்காரர் தலையில். பெரிய கடை டெபாசிட்டும் கொடுக்கும், உள்வேலையும் செய்துகொள்ளும். அதுவும் போக, அரசாங்கமும் மாநகராட்சியும் பாரம்பரியப் பட்டியலில் ஒரு கட்டடத்தைச் சேர்த்துவிட்டு, இடிக்காதே, மேலே மாடி ஏற்றாதே என்று சொல்கின்றனவே தவிர பழுதுக்குப் பணம் தருவதில்லை. 1995-லிருந்து இந்த விதிகள் இருக்கின்றன, இந்தியாவிலேயே மும்பைதான் முதலில் கொண்டுவந்தது. கட்ட முடியாமல் போன பரப்புக்கு ஈடாக டி.டி.ஆர்., அதாவது அந்தப் பரப்பை வேறு இடத்தில் கட்டிக்கொள்ளவோ விற்கவோ உரிமை, கேட்கலாம் என்று எழுதியிருக்கிறது. அதற்கு எத்தனை ஆபீஸ் ஏற வேண்டும் என்று ஒரு வயசான சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அப்பா கடையைக் கைமாற்றிவிட்டபோது எங்கள் சொந்தக்காரர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, கோபம் இன்றைக்கும் போகவில்லை, ஆனால் அவர் கூரையும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

தாராவி நெல்லைக்காரி:

நீங்கள் எல்லாரும் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், உள்ளே வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். என் தங்கை அப்படி ஒரு பழைய கட்டடத்துத் துணிக்கடையில்தான் வேலை பார்க்கிறாள், கடை பெயர் வேண்டாம். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, பி.எஃப். பிடிக்கிறார்கள், இதெல்லாம் அதற்கு முன்னால் அவள் வேலை பார்த்த சின்னக் கடையில் கிடையாது. அதனால் சின்னக் கடை என்றாலே நல்லவர்கள், பெரிய கடை என்றாலே பாவிகள் என்று மீனா அக்கா மாதிரி என்னால் பேச முடியாது.

அதே சமயம் சரக்கு வைக்கிற அறை எங்கே என்றால் பரண் மாதிரி ஒரு இடைத்தளம். நல்ல உயரமான பழைய ஜன்னல் அதில் இருக்கிறது, ஆனால் உள்பக்கம் பலகை அடித்து மூடியாகிவிட்டது. வெளியே நின்று பார்த்தால் அழகான ஜன்னல், உள்ளே பகலிலும் ட்யூப் லைட், புழுக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் பெண்கள் டிபன் சாப்பிடுகிறார்கள். காற்றுக்காகத்தான் அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிதாக ஜன்னல் வைத்தார்கள். அதைத் திறந்து விடச் சொல்லி ஒரு நிபந்தனை போட யாருக்கும் தோன்றவில்லையா?

கோட்டைத்தெரு:

நிபந்தனை என்று சொல்லும்போதுதான் எனக்குப் பயமே. கிரண்காவ், அதாவது இந்த ஊரின் பழைய மில் வட்டாரத்துத் துணி மில்களுக்கு என்ன ஆச்சு? 1991-ல் போட்ட விதிப்படி மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊருக்கு, ஒரு பங்கு ஏழைகள் வீட்டுக்கு, ஒரு பங்கு சொந்தக்காரருக்கு. 2001-ல் திருத்தம் வந்து, கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்றார்கள். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. 1982 மில் ஸ்டிரைக்கில் வேலை இழந்தவர்களுக்குக் கிடைக்க வேண்டிய நிலம் கண்ணுக்கு முன்னால் சுருங்கியது. பீனிக்ஸ் மில்லில் இன்று புகைபோக்கி நிற்கிறது, சுற்றிலும் மால். அந்தப் புகைபோக்கியைக் காட்டிக் காப்பாற்றிவிட்டோம் என்கிறார்கள். ஃபோர்ட்டிலும் அதேதான் நடக்கும், கல் இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

சுண்ணாம்புச்சாந்து:

மில் விஷயத்தில் உங்களோடு நான் நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். ஆனால் அது நிலத்துக்கான சண்டை, அங்கே இடித்தால்தான் லாபம். ஃபோர்ட்டில் பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்க முடியாது, அதனால் உபயோகம்தான் கேள்வி. முதல் தரத்தில் இருக்கிற கட்டடத்துக்குள் கிட்டத்தட்ட எதையும் தொட முடியாது, இரண்டாம் தரத்தில் உள்மாற்றமும் புது உபயோகமும் பரிசீலனைக்குப் பிறகு முடியும், மூன்றாம் தரத்தில் இன்னும் தாராளம். பாரம்பரியக் குழு வெளித்தோற்றத்தைப் பார்க்கிற அளவு கறாராக சீலிங்கையும் படிக்கட்டையும் பார்ப்பதில்லை, மீனா சொன்னது அந்த வகையில் நியாயம்தான். ஆனாலும் கடை வேண்டாம் என்றால் யார் வேண்டும் என்று சொல்லுங்கள். வெறுமனே எதிர்த்தால் இன்னும் பத்து எஸ்பிளனேட் மேன்ஷன்தான் மிஞ்சும்.

மாட்டுங்கா மீனா:

கிதாப் கானா மாதிரி புத்தகக் கடை வேண்டும். சோமையா பவன் கீழ்த்தளத்தில் 2011-ல் திறந்தார்கள், பழைய தூணும் உயர்ந்த கூரையும் அப்படியே, புத்தகம் வாங்காமல் உட்கார்ந்து படித்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். 2020 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்தும் 2021 மார்ச்சில் திரும்பத் திறந்தார்கள்.

பக்டிக்கடை மகன்:

அம்மா, அது கட்டடச் சொந்தக்காரர்களே நடத்துகிற கடை. அவர்கள் தங்களுக்குத் தாங்களே மூன்று கோடி வாடகை கேட்பதில்லை. அந்த விதத்தில் 2012-ல் எல்ஃபின்ஸ்டன் பில்டிங்கில் வந்த ஸ்டார்பக்ஸும் அப்படித்தான், கட்டடமும் டாடா, கடையிலும் டாடா பாதி. நல்லபடியாகப் பராமரிக்கப்படுகிற இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் சொந்தக்காரரும் கடைக்காரரும் ஒருவராகவே இருப்பார். இருவரும் வேறு வேறு ஆளாக இருக்கிற இடத்துக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி.

கோட்டைத்தெரு:

என் வழி இது. கீழ்த்தளத்துக்குப் பெரிய வாடகை வாங்கிக்கொள்ளட்டும், அந்த ஒப்பந்தத்திலேயே மாடிப்படி தெருவிலிருந்து திறந்திருக்க வேண்டும், மேல்தளங்களில் ஏற்கெனவே இருக்கிறவர்களை அசைக்கக் கூடாது, வாடகையில் ஒரு பங்கு தனிக் கணக்கில் கட்டடப் பழுதுக்கு மட்டும் போக வேண்டும் என்று எழுத வேண்டும். பாரம்பரியக் குழு இதைப் பார்த்துவிட்டுத்தான் உபயோக மாற்றத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டும். மனு எழுதுகிறேன், யார் யார் கையெழுத்துப் போடுவீர்கள்?

தாராவி நெல்லைக்காரி:

ஜன்னலையும் சேருங்கள் அண்ணா, நான் போடுகிறேன்.

சுண்ணாம்புச்சாந்து:

தனிக் கணக்குக்கு என் கையெழுத்து உண்டு. மேல்தளத்து ஆட்களை எந்தக் காலத்திலும் அசைக்கக் கூடாது என்பதற்கு இல்லை, உத்திரம் மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் சில மாதமாவது வெளியே இருந்தாக வேண்டும். திரும்பி வரும் உரிமையோடு என்று எழுதுங்கள், முழுசாகப் போடுகிறேன்.

கோட்டைத்தெரு:

திரும்பி வரும் உரிமை என்று சொல்லி வெளியே அனுப்பப்பட்டு, தற்காலிகமாகத் தங்க வைக்கிற டிரான்சிட் கேம்பிலேயே தலைமுறை கழித்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் தம்பி. தேதி போட்டு, தவறினால் கடை மூட வேண்டும் என்ற ஷரத்தோடு என்றால் சம்மதம். வரைவை இன்று ராத்திரி இங்கேயே போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.