ஜூனில் 18 ஆகிறது, பள்ளியும் முடிகிறது: முதலில் எதைச் செய்வது?

கேட்டவர்: பாப்பாஅம்மா

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடும் உண்டு. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. பாடம் பெரிதாக ஏறவில்லை, அது தெரிந்ததுதான். ஆனால் காலையில் தானே சீருடை போட்டு, பையை மாட்டி, பஸ் எண்ணைப் பார்த்து ஏறுகிற அளவுக்கு வந்திருக்கிறாள். ஊர்ப் பெயர் படிக்க வராது. எண் மட்டும் தப்பாது. பலகையில் வேறு எண் இருந்தால் கண்டக்டரே கூப்பிட்டாலும் ஏறமாட்டாள்.

வருகிற ஜூனில் 18 முடிகிறது. ஏப்ரலோடு பள்ளியும் முடிந்துவிடும். என் அண்ணன், "உடனே கார்டியன் சர்டிபிகேட் வாங்கு, இல்லாவிட்டால் பேங்க்கில் ஒன்றும் நடக்காது" என்று தினமும் போன் செய்கிறார். இன்னொரு பக்கம், வட்டார வள மையத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் சிறப்புப் பயிற்றுநர், வேறு இடத்தில் நிரந்தர வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன். தொகுப்பூதியத்தில் எத்தனை வருடம் ஓட்டுவார்? அவர் போய்விட்டால் மகளைப் பற்றித் தெரிந்தவர் அந்தப் பள்ளியில் ஒருவரும் இல்லை.

சர்டிபிகேட்டுக்கு அலைவதா, தொழிற்பயிற்சிக்கு இடம் தேடுவதா, எதில் தொடங்குவது?

ஓய்வுபெற்றவன்62:

சகோதரி, என் மகனுக்கு இப்போது 26. நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

18 ஆனதும் சட்டத்தின் கண்ணில் அப்பா அம்மா இயல்பான பாதுகாவலர் இல்லை. இது எனக்குத் தெரியாது. அவனுக்கு 19 ஆனபோது, மைனர் கணக்கை மாற்றச் சொல்லி ஒரு வங்கியில் கூப்பிட்டார்கள். அவனைப் பார்த்து, "தம்பி, கையெழுத்துப் போடுவியா?" என்றார் அதிகாரி. அவன் அவருடைய பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆரம்பித்தது அலைச்சல்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். பாதுகாவலர் சான்றிதழுக்குக் கோர்ட்டுக்குப் போகவேண்டாம். கலெக்டர் தலைமையில் மாவட்ட உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே விண்ணப்பிக்கலாம். அப்பா அம்மா இரண்டு பேரும் சேர்ந்தே கேட்கலாம். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூடவேண்டும் என்பது சட்டம், அதனால் ஜூன் வரை காத்திருக்காமல் காகிதங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். இந்தச் சான்றிதழை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லிவிட்டது. கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் மேலாளரைக் கேளுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: சான்றிதழ் வாங்கிய ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்கவேண்டும். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் மூன்று மாதத்துக்குள் கணக்கு. நான் முதல் வருடம் மறந்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது மத்திய அரசுப் பணியில் இருந்தால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே மகள் பெயரை ஆவணத்தில் ஏற்றிவிடுங்கள். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் செல்லுபடித் தேதியையும் பாருங்கள். சிறுவயதில் கொடுத்த சான்று பலருக்கும் தற்காலிகமானதுதான்.

நாலுசக்கரம்:

அக்கா, அண்ணா சொன்ன விவரமெல்லாம் சரி. ஆனால் வரிசையில் எனக்குச் சண்டை இருக்கிறது.

எனக்கு மூளை முடக்குவாதம், வயது 29. பேச்சு இழுக்கும், புரிந்துகொள்ள ஆளுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு 18 ஆன கையோடு அப்பா பாதுகாவலர் சான்றிதழ் வாங்கினார். பாசத்தில்தான். அப்புறம் என் சொந்தச் சம்பளத்துக்குக் கணக்குத் தொடங்கப் போனபோது, "உங்களுக்குத்தான் கார்டியன் இருக்காரே, அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். மாதாமாதம் வேலைக்குப் போய் சம்பாதிப்பவன் நான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 14ஆம் பிரிவில் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அதுவும் அவருடைய விருப்பத்தின்படி இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. உங்கள் மகளுக்கு எது தேவை என்று முதலில் பாருங்கள். வெறும் உதவித்தொகை எடுக்கத்தானா, நிலம் ஏதாவது அவள் பெயரில் இருக்கிறதா? ஒன்றுமே இல்லையென்றால் இந்த ஜூனிலேயே என்ன அவசரம்?

இன்னொன்று, 18 ஆனால் ஓட்டும் உண்டு. நீதிமன்றம் மனநிலை சரியில்லை என்று அறிவித்தால்தான் பெயரை நீக்க முடியும். டாக்டர் சீட்டை வைத்து நீக்க முடியாது. பட்டியலில் சேருங்கள். அவள் எண்ணைப் பார்த்து பஸ் ஏறுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஓய்வுபெற்றவன்62:

தம்பி சொல்வது உறைக்கிறது. என் மகனுக்குப் பேச்சே இல்லை, அதனால் நான் அந்தப் பக்கம் யோசித்ததே கிடையாது.

மையத்துஆள்:

நான் சிறப்புப் பயிற்றுநர். உங்கள் வட்டாரம் இல்லை, பயப்படாதீர்கள்.

முதலில் பணக் கதை, ஏனென்றால் அது தெரியாமல் பெற்றோர்கள் எங்களைப் பார்த்து "ஏன் டீச்சர் போறீங்க" என்று கேட்கிறார்கள். எங்கள் சம்பளம் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருகிறது. அதில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். உங்கள் மகள் மாதிரி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்று ஒதுக்குவது வேறு கணக்கு, அதில் எங்கள் சம்பளம் இல்லை. இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு தரவேண்டிய 2024–25க்கான 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் வராமல் நின்றது எல்லாரும் பேப்பரில் படித்ததுதான். அப்படி ஒரு திட்டத்தில் தொங்கும் வேலை இது. எனக்கு எந்த மாதம் எப்போது வந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை, என் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார்.

உச்ச நீதிமன்றம் 2021இலேயே, தொடக்க வகுப்பில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்றது. அந்தக் கணக்கில் பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் உங்கள் மகள் ஏப்ரலில் முடிக்கிறாள். அது நடக்கும் வரை அவள் பிளஸ் டூவில் உட்கார்ந்திருக்க முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழ் அடுத்த வருடமும் கிடைக்கும். அந்த டீச்சரின் தலைக்குள் இருப்பது அடுத்த வருடம் கிடைக்காது. அவர் போவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு போய் அவரோடு உட்காருங்கள்.

என்ன எழுதுவது என்பீர்கள். மதிப்பெண், ஐ.க்யூ. எதுவும் வேண்டாம், அதெல்லாம் கோப்பில் இருக்கிறது. என்னிடம் ஒரு பையன் இருந்தான். கேள்வி கேட்டால் பதில் வர நான்கு விநாடி ஆகும். எல்லாரும் இரண்டாவது விநாடியிலேயே "சொல்லுடா, சொல்லு" என்று மறுபடி கேட்பார்கள். அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான், பதில் வரவே வராது. நான் மேசைக்கு அடியில் விரல்விட்டு நான்கு எண்ணுவேன், அவ்வளவுதான் என் வித்தை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அவன் பள்ளி முடித்துப் போன பயிற்சி மையத்தில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அங்கே "எதுவும் புரியாது" என்று எழுதி, நூல் கண்டு பிரிக்கிற வேலையில் உட்காரவைத்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது.

அதுமாதிரி விஷயங்களை எழுதுங்கள். எந்தச் சத்தம் ஆகாது, கோபம் வருமுன் உடம்பில் என்ன தெரியும், மாதவிலக்கு நாளில் என்ன உதவி, யார் தொட்டால் விலகுவாள், 'வேண்டாம்' என்பதை எப்படிக் காட்டுவாள். கடைசியாகச் சொன்னது முக்கியம், அதுவும் பெண் பிள்ளைக்கு.

இடம் தேடுவதை ஜனவரியிலேயே தொடங்குங்கள். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். மற்றதை உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளி இருக்கும்போதே, அவளையும் கூட்டிக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் என்று போய்ப் பழக்குங்கள். ஏப்ரலில் ஒரே நாளில் இதை மூடி அதைத் திறந்தால் எந்தப் பிள்ளையும் தாங்காது.

நாலுசக்கரம்:

டீச்சர், அந்த நோட்டில் ஒரு பக்கம் அவள் சொல்வதாகவும் இருக்கட்டும். வரைந்தாலும் சரி, படம் ஒட்டினாலும் சரி. எங்களைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள்.

பாப்பாஅம்மா (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. அண்ணா, தம்பி, டீச்சர், தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை.

பயிற்றுநரோடு இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன். பதினோரு பக்கம் வந்திருக்கிறது. நான் பெற்றவள், எனக்கே தெரியாதது அதில் ஆறேழு. இவள் தலையைத் திருப்பிக்கொண்டால் கவனிக்கவில்லை என்று இத்தனை வருடம் கத்தியிருக்கிறேன். திருப்பிக்கொண்டால்தான் கவனிக்கிறாளாம்.

ஆல்பத்திலிருந்து படங்களை எடுத்து அவளிடம் கொடுத்து, ஒரு பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். எங்கள் யாரையும் ஒட்டவில்லை. ஒரு பஸ் படத்தைக் காலண்டரிலிருந்து கிழித்து ஒட்டியிருக்கிறாள்.

நேற்று ராத்திரி அவள் அப்பா நோட்டைப் படித்துவிட்டு, "பள்ளி முடிஞ்சதும் தையல் சொல்லித் தர்ற இடத்துக்குப் போறியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தார், அது அவருக்கு லேசில் வராது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நடுவில் பேசப் போனேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எந்த நம்பர்?" என்றாள்.

அந்தப் பயிற்சி மையத்துக்கு எந்த பஸ் போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். கார்டியன் விண்ணப்பம் இன்னும் நிரப்பவில்லை, என் அண்ணனிடம் பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.