புதிய சைலன்சரின் உட்தகடுகளைப் பூட்டுவதற்கு முன் பார்க்கத்தான் வேண்டுமா?

நிலாவெளிவாசி:
கடந்த சனிக்கிழமை திருகோணமலை நகரிலுள்ள ஓர் உதிரிப்பாகக் கடையில் எனது 125 சிசி மோட்டார் சைக்கிளுக்குப் புதிய சைலன்சர் ஒன்று வாங்கினேன். பழையதன் அடிப்பக்கம் துருவேறி ஓட்டையாகிவிட்டது. புதியதை வீட்டில் பெட்டியிலிருந்து எடுத்துச் சாய்த்தபோது, உள்ளே ஏதோ ஒன்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உருண்டு 'கிலுக்' என்று நின்றது. கடைக்காரரிடம் கேட்டால், பூட்டி ஓடினால் சரியாகிவிடும் என்கிறார். பூட்டிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றும் பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளிருக்கும் தடுப்புத் தகடுகளில் சேதம் உண்டா என்று முன்னரே பார்ப்பது அவசியமா, அல்லது இது எனது வீண் கவலையா?

உவர்மலை கராஜ்காரன்:
தம்பி, வீண் கவலைதான். நீங்கள் கேட்ட சத்தம் பெரும்பாலும் வெல்டிங் செய்யும்போது தெறித்து உள்ளே விழுந்த இரும்புத் துளியாக இருக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தாலும் முதல் தகட்டுக்கு அப்பால் எதுவும் தெரியப்போவதில்லை, ஏனெனில் இத்தகைய சைலன்சர்களில் ஒரு தகட்டின் குழாய்க்கு நேரே அடுத்த தகட்டின் குழாய் இருப்பதில்லை. ஒளி ஊடுருவாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. இதை அறியாமல், இருட்டைக் கண்டு அடைப்பு என்று எண்ணி, இரும்புக் கம்பியால் குத்தித் தாமே தகட்டைப் பெயர்த்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். தகடு நேராக நிற்கிறதா என்று மயிரிழை பார்ப்பதெல்லாம் துப்பாக்கிச் சைலன்சருக்கு உரிய வேலை. அங்கே குண்டு தகடுகளின் நடுத்துளை வழியே பறக்கிறது. இங்கே புகை மட்டுமே போகிறது. புகைக்கு வளைந்து போகத் தெரியும்.

உட்துறைமுகத்தார்:
கராஜ்காரர் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. குண்டுக்கும் தகட்டின் துளைக்கும் இடையே உள்ள வெளி மிகச் சிறியது. சைலன்சர் குழலின் புரியில் சற்றுச் சரிந்து ஏறியிருந்தாலும், ஒரு தகடு மட்டும் சாய்ந்திருந்தாலும், குண்டு துளையின் விளிம்பை உரசிச் செல்லும். ஆகவேதான் அதனைப் புழங்குவோர், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்தபின், நேரான கோல் ஒன்றைக் குழல் வழியே செலுத்தி, அது நடுவில் வருகிறதா என்று முதற்சூட்டிற்கு முன்பே பார்க்கிறார்கள். ஆனால் இதிலிருந்து அவர் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. துப்பாக்கிச் சைலன்சருக்கு 1909இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம் (இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன்) பின்னர் எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்தார். வெளியேறும் வாயுவைத் தடுத்துச் சுற்றவிட்டு, அதன் வேகத்தைக் குறைத்து வெளியே விடுவதே இரண்டிலும் நடக்கிறது.

வேறுபாடு, சேதம் வெளிப்படும் விதத்தில் இருக்கிறது. துப்பாக்கியில் சாய்ந்த தகடு முதற் குண்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மோட்டார் சைக்கிளிலோ, பாதி ஒட்டிய தகடு சில மாதங்கள் சூட்டிலும் அதிர்விலும் ஆடி ஆடிக் கழன்று, அடுத்த குழாயின் வாயில் சாய்ந்து அதை மூடும். அப்போது புகை வெளியேற வழியின்றி எஞ்சின் சூடேறும். கோணேசர் மலை ஏற்றத்தில் வண்டி இழுக்காது. நீங்கள் கார்புரேட்டரைக் கழற்றுவீர்கள், பிளக்கை மாற்றுவீர்கள், சைலன்சர் புதிதுதானே என்று அதை மட்டும் தொடமாட்டீர்கள். பட்டறையில் இதே தவற்றை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

கம்பி வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. கைத்தொலைபேசியில் இணைக்கும் சிறு குழாய்க் கமரா போதும். அதுவும் இல்லையென்றால், சைலன்சரைக் கயிற்றில் தொங்கவிட்டு, சுத்தியலின் மரப்பிடியால் தலை முதல் அடிவரை மெல்லத் தட்டிக்கொண்டு வாருங்கள். நன்றாக ஒட்டிய தகடு இருக்குமிடத்தில் ஓசை தடித்து அடங்கும். கழன்ற தகடு இருக்குமிடத்தில் தட்டியபின் ஒரு சன்னமான நடுக்கம் தொடரும்.

கிண்ணியா படகுக்காரன்:
எங்களுடைய வெளியிணைப்பு எஞ்சினுக்கு இந்தத் தலையிடி இல்லை. புகை விசிறியின் நடுவழியாகத் தண்ணீருக்குள் போய்விடும், கடலே சைலன்சர். இருந்தாலும், கரைக்கு வந்தால் நானும் மோட்டார் சைக்கிள்காரன்தான் என்பதால் கேட்கிறேன்: தகட்டைவிட உப்புக்காற்றல்லவா நமக்குப் பெரிய எதிரி?

உவர்மலை கராஜ்காரன்:
நானா கேட்டது சரியான கேள்வி. ஆனால் இந்த ஊரில் சைலன்சர் வெளியிலிருந்து மட்டுமல்ல, உள்ளிருந்தும் சாகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகப் போய்விடும். வீட்டிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் தகடுகளின் அடியில் தேங்கி நிற்கும். ஆகவே முதலில் அடிப்பக்கத்து வடிகால் துளை திறந்திருக்கிறதா, வர்ணம் அதை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் மலிவான இரும்பு என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். சைலன்சருக்குப் பரவலாகப் பயன்படும் 409 வகைத் துருப்பிடிக்காத உருக்கிலும் காந்தம் ஒட்டும்.

உட்துறைமுகத்தாரிடம் ஒரு கேள்வி: கமராவில் ஒரு கீறலோ கறையோ தெரிந்ததும் பயந்து நல்ல பொருளைத் திருப்பிக் கொடுப்பவரை என்ன செய்வீர்கள்?

உட்துறைமுகத்தார்:
கறையும் நீல நிறமும் வெல்டிங்கின் சூட்டால் வருபவை, அவற்றை விட்டுவிடலாம். தகட்டின் விளிம்புக்கும் ஓட்டுக்கும் இடையே கருங்கோடாகத் தெரியும் இடைவெளி, மடிந்த விளிம்பு, துளைக்குழாயில் வெடிப்பு ஆகிய மூன்றுமே எனது கணக்கில் சேதம்.

நிலாவெளிவாசி:
இருவருக்கும் நன்றி. அயல்வீட்டுக்காரரின் குழாய்க் கமராவை வாங்கிப் பார்த்தேன். உருண்டது கராஜ் அண்ணா சொன்ன வெல்டிங் துளியேதான். மிளகளவு இருந்தது, கவிழ்த்து உலுக்கியபோது வாய்வழியே விழுந்தது. ஆனால் அதைத் தேடிப் போன கமரா முதற் தகட்டின் குழாய்க்குள் நுழைந்தபோது, இரண்டாவது தகட்டின் மேல்விளிம்பில் விரல்நீளத்துக்கு ஒட்டே இல்லாததும் தெரிந்தது. காணொளியைக் கடையில் காட்டினேன். சற்று முணுமுணுத்தார்கள், பூட்டியிராததால் மாற்றிக் கொடுத்தார்கள்.

உவர்மலை கராஜ்காரன்:
பூட்டியிருந்தால் மாற்றியிருக்க மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒட்டு விட்டுப்போன தகடு கழன்றிருக்கும் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் அது வண்டியின் ஆயுள்வரை நின்றிருக்கும். அது கிடக்க, மாற்றிக் கொடுத்ததையும் பார்த்தீர்களா?

நிலாவெளிவாசி:
கடை வாசலிலேயே வைத்துப் பார்த்தேன் அண்ணா. வடிகால் துளையில்தான் வர்ணம் அடைத்திருந்தது. ஊசியால் குத்தித் திறந்துவிட்டேன்.