பெட்டியை யார் நிலத்தில் நடுவது?

குழு: பழைய தோட்டத்து 3-ஆம் டிவிஷன் சொந்தங்கள், குளுவாங், ஜொகூர், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை

கடைக்கோடி அக்கா, காலை 7:06
கோவிலுக்குப் பூப் பறிக்கப் போனேன். செம்பருத்திக்கு அடியில் இது கிடக்கிறது. (படம்) வெள்ளை மூஞ்சி, இதயம் மாதிரி. உயிர் இல்லை. ஆம்பளைகள் யாராவது எழுந்திருந்தால் வாருங்கள்.

ஆயா, 7:15
பேத்தி டைப் செய்கிறேன். ஆயா சொல்வது: ஆந்தை கோவில் வாசலில் செத்தால் நல்லதில்லை. இன்றைக்கு யாரும் வெளியூர் போக வேண்டாம். ஐயர் வந்ததும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள்.

வாத்தியார், 7:20
ஆந்தை என்று பொதுவாகச் சொல்கிறோம். இது கூகை. மலாய்க்காரர்கள் புரோங் ஹந்து, பேய்ப் பறவை என்பார்கள். ஆக, பயப்படுவதில் எந்த இனத்துக்கும் குறைச்சல் இல்லை.

கிராணித் தம்பி, 7:31
அக்கா, வெறுங்கையால் தொடாதீர்கள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஓர் அட்டைப் பெட்டியில் வையுங்கள். வந்துகொண்டே இருக்கிறேன். பெர்ஹிலித்தானுக்கும் (வனவிலங்கு இலாகா) சொல்ல வேண்டும்.

கிராணித் தம்பி, 7:58
பார்த்துவிட்டேன். இறக்கை உடையவில்லை, அடிபட்ட காயம் இல்லை. வாயோரம் ரத்தம். அறுத்துப் பார்த்தால்தான் உறுதி, ஆனால் எலி மருந்து என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் தோட்டத்து 14-ஆம் பிளாக்கில் கூகை கூடு கட்ட வைத்த பெட்டியில் நான்கு குஞ்சுகள் இருக்கின்றன.

பெரிய மாமா, 8:10
எலி மருந்து வைப்பது உங்கள் தோட்டம்தானே? மூட்டை மூட்டையாக லோரியில் இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

கிராணித் தம்பி, 8:13
அது பழைய கதை மாமா. எங்கள் பக்கம் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. கூகைப் பெட்டி வைத்த பிளாக்கில் கட்டி மருந்து போடக் கூடாது என்று உத்தரவு.

பெரிய மாமா, 8:22
சரி, சுற்றி வளைக்க வேண்டாம். நான்தான் வைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால். மறுநடவு செய்த ஆறு ஏக்கரில் செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றின் குருத்தை எலி கடித்துப் போட்டிருக்கிறது. நாற்பது கன்று. கன்று வாங்கக் கடன் வாங்கியவன் நான். கூகையா வந்து கடனைக் கட்டும்?

கடைக்கோடி அக்கா, 8:24
அண்ணே, உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை.

பெரிய மாமா, 8:25
சொல்லத்தான் போகிறார்கள். காஹாங் பக்கம் யானை இறங்கினால் பேப்பரில் படம் வருகிறது, அதிகாரிகள் வருகிறார்கள். எலி இறங்கினால் எவன் வருகிறான்?

கிராணித் தம்பி, 8:41
மாமா, கோபப்படாமல் படியுங்கள், கொஞ்சம் நீளம். நீங்கள் வைத்த பச்சைக் கட்டியைத் தின்ற எலி அன்றே சாகாது. ரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளே கசிந்து சாக நான்கைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் அது தள்ளாடிக்கொண்டு திறந்த வெளியில் திரியும். கூகைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? முழுசாக விழுங்கும். இப்போது வருகிற புரோடிஃபகூம் வகை மருந்து ஈரலில் தங்கிவிடும், சீக்கிரம் கரையாது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று நான்கு எலி விழுங்கினால் கூகையின் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். பழைய வார்ஃபரின் வகையில் இந்த ஆபத்து குறைவு, அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1984-லேயே நம் மலேசியத் தீபகற்பத் தோட்டங்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தோட்டம் நிறுத்தியும் பறவை செத்திருக்கிறது என்றால், அதற்கு எல்லைக் கல் தெரியாது என்பதுதான் காரணம். நாங்கள் மட்டும் நிறுத்திப் பிரயோஜனம் இல்லை.

வாத்தியார், 8:50
ஒரு சின்ன இடைச்செருகல். நம் ஊர் குளுவாங்கின் பெயரே கெலுவாங்கிலிருந்து வந்தது, அது பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயர். நான் பள்ளிக்கூடத்தில் அதைச் சொன்னால் பிள்ளைகள் பேட்மேனைத்தான் நினைக்கிறார்கள். அந்த வௌவாலை ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை. சரி, நீங்கள் பேசுங்கள்.

ஆயா, 8:53
ஆயா சொல்வது: பால்மர (ரப்பர்) காலத்தில் இந்த வெள்ளை மூஞ்சியை நான் பார்த்ததே இல்லை. செம்பனை வந்த பிறகுதான் வந்தது.

கிராணித் தம்பி, 8:56
ஆயா சொல்வது சரி. 1960-களின் கடைசியில்தான் தீபகற்பத்தில் இது கூடு கட்டியதாக முதல் பதிவு. செம்பனை பெருகியது, எலி பெருகியது, பின்னாலேயே இதுவும் வந்தது. ஆனால் செம்பனையில் பொந்து கிடையாது. அதனால்தான் பெட்டி.

உரக்கடை அண்ணன், 9:12
காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நானும் பேசுகிறேன். மாமாவுக்கு அந்தக் கட்டியை விற்றவன் நான். கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "எது சீக்கிரம் கொல்லும்?" வார்ஃபரின் வகையைத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும் என்றால் முகம் சுளிக்கிறார்கள். கடையில் மூன்று பெட்டிச் சரக்கு கிடக்கிறது. நாளையிலிருந்து விற்காதே என்று யாராவது சொன்னால், அந்தக் காசை யார் தருவார்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைக்கோடி அக்கா, 9:14
நியாயம்தான்.

கிராணித் தம்பி, 9:20
அண்ணே, சரக்குக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது, நான் கிராணி, வெறும் கணக்குப்பிள்ளை. மேனேஜரிடம் கேட்கிறேன். அடுத்த முறை ஆர்டர் போடும்போது அதைக் குறைக்க முடியுமா? மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தில் நாங்கள் முதலில் கணக்கு எடுக்கிறோம். நூறு மரத்தில் ஐந்துக்கு மேல் புதுக் கடி இருந்தால்தான் யோசிக்கிறோம், அதுவும் பழைய வகை மருந்து. சும்மா மாதத்துக்கு ஒரு தடவை தூவுவது கிடையாது. மாமாவின் கன்றுகளுக்குக் கம்பி வலை சுற்றினாலே பாதித் தொல்லை போகும். கூகை மட்டுமே எல்லா எலியையும் தின்று தீர்த்துவிடும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பெரிய மாமா, 9:33
ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். இந்தப் பறவை மேல் கம்பெனிக்கு ஏன் திடீர்ப் பாசம்?

கிராணித் தம்பி, 9:37
லாபம்தான் மாமா, மறைப்பானேன். 2020 ஜனவரி 1 முதல் எம்எஸ்பிஓ, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காத செம்பனை என்ற மலேசியச் சான்றிதழ், எல்லாருக்கும் கட்டாயம். வெளிநாட்டுக்காரன் அதே மாதிரி உலகச் சான்றிதழான ஆர்எஸ்பிஓ கேட்கிறான். மில்லுக்கு வருகிற பழம் யார் நிலத்துப் பழம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ளவர்களோடு பேசினீர்களா என்று தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். மருந்துச் செலவும் மிச்சம். கம்பெனிக்கு உங்கள் தயவு வேண்டும் என்பதுதான் உண்மை.

பெரிய மாமா, 9:45
இப்போதுதான் நேராகப் பேசுகிறாய். நம்மைத் தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுக் காலி செய்யச் சொன்னபோதும் இப்படித்தான் பேச்சுவார்த்தை என்றார்கள். சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தும் இந்தப் பக்கம் வாய்க்காலைச் சுத்தம் செய்ய எட்டு வருஷம் கேட்டோம். அந்த வாய்க்கால் ஓரப் புல்லில்தான் எலி குட்டி போடுகிறது, போய்ப் பார்.

கிராணித் தம்பி, 9:47
அதை மறுக்க மாட்டேன் மாமா.

வாத்தியார், 9:52
அப்படியானால் கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்குவோம். வாய்க்கால் முதலில். கூட்டம் தோட்டத்து ஆபீசில் வேண்டாம், வேலை நாளில் காலை பத்து மணிக்கு யார் போக முடியும்? நம் கோவில் மண்டபத்தில், ராத்திரி எட்டு மணிக்கு, மேனேஜர் தானே வரட்டும். பேசியதை எழுதித் தரட்டும், தமிழிலும் மலாயிலும். படம் எடுப்பது கடைசியில்.

கடைக்கோடி அக்கா, 9:54
சோற்றுப் பொட்டலம் நாமே போட்டுக்கொள்வோம்.

உரக்கடை அண்ணன், 9:58
பெட்டி எத்தனை தருவார்கள்? ஆளுக்கு ஒன்றா?

கிராணித் தம்பி, 10:03
இல்லை அண்ணே. சுமார் 10 ஹெக்டருக்கு ஒன்று, அதாவது 25 ஏக்கர். மாமாவின் ஆறு ஏக்கருக்குத் தனியாகத் தேவையில்லை. மாமா, பாலத்தடி அண்ணன், மற்ற இரண்டு பேர், நடுவில் மலாய்க் கம்பத்துப் பெரியவர் பாக் சிக்கின் ஒன்பது ஏக்கர், எல்லாம் சேர்ந்தால் ஒரு பெட்டி. ஐந்து பேரும் சேர்ந்து பச்சைக் கட்டியை நிறுத்தினால்தான் அந்தப் பெட்டிக்கு அர்த்தம். ஒருவர் வைத்தாலும் இதே படம்தான் மறுபடி இந்தக் குழுவில் வரும்.

பாலத்தடி அண்ணன், 10:08
பெட்டி மாட்டும் கம்பத்தை யார் நிலத்தில் நடுவது?

பெரிய மாமா, 10:09
என் நிலத்தில் வேண்டாம். தோட்டத்துக்காரன் கம்பம் நட்டால் நாளைக்கு நிலமே அவனுடையது என்பான்.

பாலத்தடி அண்ணன், 10:11
என் நிலத்தில் நடலாம். ஆனால் என் வீட்டுக்காரி ஆந்தைக்குப் பயப்படுவாள். அவளிடம் புறாப் பெட்டி என்று சொல்லிவிடவா?

வாத்தியார், 10:14
பாக் சிக்கின் நிலம்தான் சரியாக நடுவில் இருக்கிறது. அவர் இந்தக் குழுவில் இல்லை. சாயங்காலம் தேநீர் குடிக்கப் போகிறேன், மெதுவாகப் பேச்சை எடுக்கிறேன். கையில் காகிதம் எதுவும் கொண்டு போக மாட்டேன். முதலில் பேச்சு.

பெரிய மாமா, 10:20
நானும் வருகிறேன். அவருக்கும் எனக்கும் பலாமரக் கிளை விஷயத்தில் நான்கு மாதமாகப் பேச்சு இல்லை. இதைச் சாக்காக வைத்தாவது போய்விடுகிறேன்.

கிராணித் தம்பி, 10:22
மாமா, மிச்சமிருக்கும் கட்டிகள்?

பெரிய மாமா, 10:26
வைத்ததைப் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பதினெட்டு வைத்தேன், பதினொன்றுதான் கிடைத்தது. மீதி ஏழு கட்டியையும் எலி கொண்டுபோய்விட்டது. கையுறை போட்டிருக்கிறேன், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

உரக்கடை அண்ணன், 10:28
பிரிக்காத பாக்கெட் இருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள் மாமா. காசு தர மாட்டேன், கம்பி வலையாக மாற்றித் தருகிறேன்.

கடைக்கோடி அக்கா, 10:40
அந்த நான்கு குஞ்சுகள் என்ன ஆகும்?

கிராணித் தம்பி, 10:44
தாய் தகப்பனில் ஒன்று போனாலும் இன்னொன்று தீனி கொண்டு வரலாம் அக்கா. மூத்தது கிட்டத்தட்டப் பறக்கிற அளவு. கடைசிக் குஞ்சுதான் சந்தேகம். முட்டை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடும், அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ராத்திரி போய்ப் பார்த்துச் சொல்கிறேன். பிள்ளைகள் யாரும் எடுத்து வந்து வளர்க்க வேண்டாம், அதற்குச் சட்டம் இருக்கிறது.

ஆயா, 10:51
ஆயா சொல்வது: எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், என் வீட்டுப் பக்கம் மட்டும் பெட்டி கூடாது. ராத்திரியில் ஆந்தைச் சத்தம் எனக்கு ஆகாது.

கிராணித் தம்பி, 10:53
ஆயா, 14-ஆம் பிளாக் பெட்டி உங்கள் குசினி ஜன்னலிலிருந்து அறுபது அடிதான். மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறது. குஞ்சுகள் பசித்தால் குறட்டை விடுகிற மாதிரி சத்தம் போடும், கேட்டதில்லையா?

ஆயா, 10:58
ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது சொல்வது: அது பக்கத்து வீட்டுக்காரர் குறட்டை என்று நினைத்து அவர் பெண்டாட்டியிடம் இரண்டு தடவை சண்டை போட்டுவிட்டேனே.