இரண்டு முறை ஜாம் ஆன ஆர்எக்ஸ் 135: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

கோவை ஆர்எக்ஸ்
சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 402 மீட்டர் டிராக் ரேஸ். வண்டி யமஹாவின் டூ ஸ்ட்ரோக் பைக், ஆர்எக்ஸ் 135. போர்ட்டிங் (சிலிண்டரின் வாயு வழிகளைத் தேய்த்துப் பெரிதாக்குவது), எக்ஸ்பான்ஷன் சேம்பர் (வயிறு பருத்த சைலன்சர்) எல்லாம் வீட்டு ஷெட்டில் நாங்களே செய்தவை. ஆயில் பம்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, லிட்டருக்கு 50 மில்லி எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டினோம். மூன்றாவது கியரில் பாதித் தூரம் தாண்டியதும் சத்தம் மெலிந்து கூர்மையானது. அந்த ஒரு நொடி வண்டி இன்னும் நன்றாக இழுப்பது போலத்தான் இருந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தேன்.

எண்ணெய் கலந்தது என்னோடு தம்பி போலப் பழகும் ஒரு பையன். பிட்டில் எல்லார் முன்னாலும் "எண்ணெயைக் குறைச்சுட்டியேடா" என்று கத்திவிட்டேன். அவன் அளவுக் குப்பியைத் தூக்கிக் காட்டினான், நான் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அவன் ஷெட்டுக்கு வரவில்லை.

ஊருக்கு வந்து ரீபோர் (சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைவது), 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டையும் இரண்டு சைஸ் பெரிதாக்கினேன். அடுத்த முறை எண்ணெயை நானே அளந்து கலந்தேன். அதே மூன்றாவது கியர், அதே சத்தம், மறுபடி ஜாம்.

பிறகுதான் பிரஷர் போட்டுப் பார்க்கத் தோன்றியது. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ரப்பர் ஷீட் வைத்து அடைத்தேன். பழைய பிளக்கைக் குடைந்து சைக்கிள் டியூப் வால்வை அதில் பொருத்தி, மாமனாரின் பிபி கருவியின் பம்பைச் சேர்த்தேன். அதன் முள்ளை 300 வரை ஏற்றினால் ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ. நல்ல எஞ்சினில் முள் அப்படியே நிற்கும். இதில் கண்ணெதிரே இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவினேன். மேக்னெட் பக்கத்து கிராங்க் ஆயில் சீலில் கடுகளவு குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக. அந்த வழியாகக் காற்றை உறிஞ்சித்தான் கலவை லீனாகி (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) ஓடியிருக்கிறது. ஒரு சீலுக்காக இரண்டு பிஸ்டன், இரண்டு ரீபோர். பணம் போனதைவிட அந்தப் பையன் குப்பியைத் தூக்கிக்கொண்டு நின்றதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மதுரை பட்டறை
அண்ணே, முதல் பிஸ்டனைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? கீறல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்ததா, சுற்றிலுமா? எண்ணெய் குறைந்தால் பிஸ்டனின் பாவாடை (கீழ்ப்பகுதி) முழுக்க, இன்டேக் பக்கமும் சேர்த்துத் தேயும். லீன் என்றால் சூடு அதிகமுள்ள எக்ஸாஸ்ட் பக்கம்தான் முதலில் இழுக்கும். அவன் தப்பில்லை என்று அந்த பிஸ்டனே சொல்லியிருக்கும்.

என் கதை சின்னது. அதே 135, போர் (சிலிண்டர் விட்டம்) 58 மில்லிமீட்டர். எக்ஸாஸ்ட் போர்ட்டை 42 மில்லிமீட்டர் வரை அகலப்படுத்திவிட்டேன். ஓரத்தைச் சாய்த்துத் தேய்க்கவும் இல்லை. ஸ்டார்ட் பண்ணி இரண்டு தடவை முறுக்கினேன், "டிங்" என்று ஒரே ஒரு சத்தம். கழற்றினால் பிஸ்டன் ரிங் துண்டு ஒன்று ஹெட்டில் நட்டு வைத்த மாதிரி செங்குத்தாக நிற்கிறது. போர்ட்டின் அகலம் போரில் 65 சதவீதம் தாண்டக்கூடாது என்று அதற்கப்புறம்தான் கற்றேன். அந்தத் துண்டு இன்னும் என் டூல்பாக்ஸில் இருக்கிறது.

சோழவரம் பார்த்தவன்
1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன் சோழவரம்தான் எங்களுக்கு எல்லாம். போர்க்காலத்து விமான ஓடுதளம், வெயிலில் கானல் பறக்கும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து முகர்ந்த ஆமணக்கெண்ணெய்ப் புகை வாசனை இன்றும் மூக்கில் இருக்கிறது. என் அனுபவம் அவ்வளவுதான், ஓட்டியதில்லை, வண்டி கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் கோவைக்காரர் பெரிதாக்கிய ஜெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீலை மாற்றியதும் பழைய ஜெட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். இந்த வண்டிகள் வந்த காலத்துப் பெட்ரோல் வேறு. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 போதும், அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூட வேண்டும். பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் சீல் நன்றாக இருந்தாலும் லீன்தான். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். போன மாதம் கேனில் மிஞ்சியதை ரேஸுக்கு ஊற்றாதீர்கள், அன்றைக்கு வாங்கி அன்றைக்கே கலக்குங்கள்.

அப்புறம் ஸ்குவிஷ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. பிளக் ஓட்டை வழியாக ஒரு பக்கம் மட்டும் ஈயக்கம்பி விட்டு அளக்கிறார்கள், அது தப்பு. பிஸ்டன் சாய்ந்து கொடுக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் பின் (pin) கிடக்கும் திசையில் இரண்டு பக்கமும் கம்பியைக் கிரீஸில் ஒட்டி, ஹெட்டைப் பூட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய முனை 1 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. கலவை சரியா என்று பிளக்கின் நிறம் பார்ப்பதென்றால் முழு திராட்டிலில் ஓடி, கிளட்சைப் பிடித்து அங்கேயே எஞ்சினை அணைத்துப் பாருங்கள். மெதுவாக உருட்டிக்கொண்டு பிட்டுக்கு வந்து பார்த்தால் தெரிவது ஐட்லிங் நிறம். எண்ணெயும் ஆமணக்கு எண்ணெயே போடுங்கள், சூட்டில் அதுபோல் எதுவும் நிற்காது.

மதுரை பட்டறை
ஐயா, ஆமணக்கு மட்டும் வேண்டாம். சூட்டில் நிற்கும், சரி. ஆனால் ரிங் பள்ளத்தில் பிசினாகப் படியும். டேங்கில் சாதா 2டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய் மிச்சமிருந்தால் இரண்டும் சேராது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஹெட்டைத் திறந்து சுத்தம் செய்பவர்களுக்குத்தான் அது. வருடத்தில் மூன்று நாள் ஓட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல சிந்தெடிக் போதும்.

லேத்து வீட்டுப் பெண்
அப்பா கோவை கணபதியில் லேத்து வைத்திருந்தார். டூ ஸ்ட்ரோக் கிராங்க் அலைன்மெண்ட்டுக்கு ஆள்கள் வெளியூரிலிருந்தும் வருவார்கள். பள்ளிவிட்டு வந்ததும் டயல் கேஜ் படிப்பது என் வேலை. வி பிளாக்கில் கிராங்க்கை வைத்து மெல்லச் சுற்றுவார், நான் முள்ளைப் பார்த்துச் சொல்வேன், பித்தளைச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி சுற்று. ஆட்டம் 0.03 மில்லிமீட்டருக்குள் வராமல் விடமாட்டார்.

ஒரே ஒரு தடவை விட்டார். மறுநாள் ரேஸ் என்று ஒரு அண்ணன் இரவு பதினொன்று வரை காத்திருந்தார். 0.08-ல் நின்றது. "போதும்ணே, கட்டிடலாம்" என்று அவசரப்படுத்தி வாங்கிப் போனார். மூன்றாம் வாரம் திரும்ப வந்தார், சீல் உதடு ஒரு பக்கம் மட்டும் பிளேடால் சீவியது போல் இருந்தது. அப்பா காசு வாங்காமல் முதலிலிருந்து செய்தார். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அதனால் கேட்கிறேன். சீல் போனதைக் கண்டுபிடித்தீர்கள். சீல் ஏன் போனது என்று பார்த்தீர்களா? வயதாகிக் காய்ந்திருக்கலாம். ஆனால் இரண்டு தடவை அந்த வேகத்தில் பூட்டிய எஞ்சினில், பிரஸ்ஸில் ஏற்றிய கிராங்க் முறுக்கிக்கொள்ளாமல் இருக்காது. புது சீல் போட்டாலும் அதையும் தின்றுவிடும். அந்தப் பையனிடம் சொல்லிவிட்டீர்களா என்பதையும் எழுதுங்கள்.

கோவை ஆர்எக்ஸ்
மேக்னெட்டைக் கழற்றி, கிராங்க்கைக் கேஸிலேயே வைத்து ஷாஃப்ட் முனையில் டயல் கேஜ் பிடித்தேன். 0.09. நல்லவேளை, புது சீலை இன்னும் அடிக்கவில்லை.

முதல் பிஸ்டன் பரணில் கிடந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் நான்கு கோடு. இன்டேக் பக்கம் தேன் நிறத்தில் எண்ணெய்ப் படலம், ஒரு கீறல் கிடையாது.

அதைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டு போன் செய்தேன். தப்பு என்னுடையது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "எந்தப் பக்கத்து சீல்ணே?" என்றான். கிராங்க்கை இறக்க சனிக்கிழமை வருகிறானாம்.